மூச்சு விடாத மன்னன்: உடல் புகுந்த மந்திரவாதியின் கதையைக் கார்ட்டூன் குறும்படமாக எடுக்கும் முறை

அரசனின் உடலுக்குள் பழங்கால மந்திரவாதி ஒருவன் புகுந்துவிடுகிறான். ஊருக்குத் தெரியாமல் அரியணையில் அமர்ந்து ஆள்கிறான். மகளுக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று படுகிறது. சிறு குழு எடுக்கும் 2டி கார்ட்டூனுக்கு இதைவிடத் தோதான கரு குறைவு. ஒரே பாத்திரத்தை வடிவமைத்தால் இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள். ஆனால் முதன்முறை எடுப்பவர்கள் பெரும்பாலும் கண்ணைச் சிவப்பாக்கி, பச்சைப் புகை விட்டு, குரலைக் கரகரப்பாக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். புகை கலைந்ததும் திரையில் இருப்பவன் அதே அரசன்தான். நடை, திரும்புதல், கை நீட்டுதல் எதுவும் மாறியிருக்காது. குழந்தைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உள்ளே இருப்பது வேறு ஆள் என்பதை முதன்மையாக அசைவால்தான் காட்ட வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகள் எல்லாம் 90 விநாடிப் படத்துக்கு, விநாடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்ற கணக்கில். இரண்டு மூன்று பேர் சேர்ந்து முடிக்கக்கூடிய நீளம் அது.

கதைக்கு முன் விதிகள்

திரைக்கதை எழுதும் முன் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மந்திரவாதி எப்படி உள்ளே வந்தான்? அவனுடைய பழைய உடல் எங்கே? உள்ளே அரசனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? எதைச் செய்தால் அவன் வெளியேறுவான்? நான்காவதற்குப் பதில் இல்லாமல் தொடங்கினால் கடைசி 15 விநாடி வெறும் மின்னலும் இடியுமாகத்தான் முடியும்.

பதில் தேட எங்கேயும் போக வேண்டாம். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் கதை இயங்கும் விதம் மிகத் தெளிவாக இருக்கும். சங்கரர் அமருக மன்னனின் இறந்த உடலில் புகுந்த கதையில் அவருடைய சொந்த உடலைச் சீடர்கள் குகையில் காவல் காக்கிறார்கள். அரசன் திடீரென்று இவ்வளவு ஞானியாகிவிட்டானே என்று அமைச்சர்களுக்குச் சந்தேகம் வருகிறது. உயிரற்ற உடல்களைத் தேடி எரிக்கச் சொல்கிறார்கள். சீடர்கள் பாடகர்களாக அரண்மனைக்குள் வந்து, பாட்டால் அவருக்கு நினைவூட்டுகிறார்கள். காலக்கெடு, கண்டுபிடிக்கும் ஆள், மீட்கும் வழி மூன்றும் அதிலேயே இருக்கின்றன. திருமூலர் கதையில் இறந்துகிடந்த சாத்தனூர் இடையன் மூலனின் உடலில் முனிவர் எழுகிறார். மாடுகளின் அழுகை நிற்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தவன் தன் கணவன் இல்லை என்பது மூலனின் மனைவிக்குப் புரிந்துவிடுகிறது. நெருங்கியவர்தான் முதலில் கண்டுகொள்வார் என்ற அந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டியில் பயன்படுத்தும் விதிகள் இவை. மந்திரவாதி வெகுகாலத்துக்கு முன்பே செத்தவன், மூச்சு விடும் பழக்கமே அவனுக்கு இல்லை. அரசன் குடித்த கோப்பை வழியே நுழைகிறான். அரசனுக்கு மிச்சமிருப்பது இடது கைச் சுண்டுவிரல் மட்டும். மகளைத் தூங்கவைக்கும்போது அந்த விரலால் அவன் தட்டும் தாலாட்டுத் தாளம்தான் மீட்கும் வழி.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊர்ச் சாமியாட்டம் பக்தியோடு நடப்பது. ஆடுபவர் சாமிக்குத் தம் உடலைத் தருகிறார். இங்கே நடப்பதோ உடல் திருட்டு. வேப்பிலை, குங்குமம், உடுக்கை போன்ற அடையாளங்களை இந்த மந்திரவாதியின் மேல் ஏற்றாதீர்கள். பார்ப்பவர் மனம் புண்படும், கதையும் குழம்பும்.

90 விநாடியைப் பிரிப்பது

முதல் 18 விநாடி, 5 ஷாட்: அரசனும் மகளும். அடுத்த 4 விநாடி, ஒரே ஷாட்: உடல் புகுதல். 28 விநாடி, 8 ஷாட்: அவையில் மாறிப்போன அரசன். 25 விநாடி, 7 ஷாட்: மகளின் சந்தேகமும் சோதனையும். கடைசி 15 விநாடி, 4 ஷாட்: மீட்பு. மொத்தம் 25 ஷாட், 2160 ஃப்ரேம்.

முதல் 18 விநாடியைக் குறைக்கச் சொல்லி குழுவில் யாராவது வாதாடுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். அரசன் எப்படி இருப்பான் என்று தெரிந்தால்தானே அவன் மாறியது தெரியும்? அந்த 5 ஷாட்டுக்குள் மூன்று அடையாளங்களைப் பதிக்க வேண்டும்: மகளிடம் பேசும்போது முழங்கால் மடக்கிக் குனிவான், அவளைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவான், சுண்டுவிரலால் தாளம் தட்டுவான். விரல் தாளம் இரண்டு முறையாவது வர வேண்டும், அதில் ஒன்று குளோஸ்-அப்.

ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாகக் கதையை வரைந்த தாள்) முடிந்ததும் கைபேசியில் தற்காலிகக் குரல் பதிந்து, அந்த ஓவியங்களை நேரக்கணக்குப்படி ஓட்டும் வீடியோவாக அனிமேட்டிக் கட்டுங்கள். அதை ஒலியே இல்லாமல் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, “எந்த இடத்தில் அரசன் மாறினான்?” என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் வரையத் தொடங்கலாம். இல்லையென்றால் மேலே சொன்ன அடையாளங்களில் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று விழவில்லை என்று பொருள்.

ஒரு உடல், இரண்டு தோரணை

அரசனின் மாடல் ஷீட்டில் (பாத்திரத்தின் மாதிரி ஓவியத் தாள்) வழக்கமான ஐந்து கோணங்களும் வேண்டும்: முன், முக்கால், பக்கம், பின்முக்கால், பின். மொத்த உயரம் தலையைப்போல் நாலரை மடங்கு வைத்தால் கார்ட்டூனுக்குப் பொருந்தும், கை விரல்களும் தெளிவாகத் தெரியும். மார்பில் ஒரு பெரிய பதக்கம் வையுங்கள். இந்தப் படத்தில் பதக்கத்துக்கு முக்கியமான வேலை இருக்கிறது: அரசன் மூச்சு விடும்போது அது ஏறி இறங்கும், மந்திரவாதி புகுந்ததும் அப்படியே நின்றுவிடும். வெறும் மார்பு அசைவை யாரும் கவனிக்க மாட்டார்கள். பளபளக்கும் பதக்கம் கண்ணில் படும்.

இரண்டாவது மாடல் ஷீட் அதே ஆடை, அதே முகம். முதுகெலும்புக் கோடு மட்டும் மாறும். அரசன் நடந்தால் மார்பு முன்னே போகும். மந்திரவாதி நடந்தால் மூக்கு முன்னே போகும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும். இரண்டையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பி நிழலுருவமாகப் பாருங்கள். யார் எவர் என்று தெரியவில்லை என்றால் தோரணையை இன்னும் மிகைப்படுத்த வேண்டும்.

இனி அசைவு. வேறுபாடுகளைத் தாளில் எழுதி எல்லா அனிமேட்டர்களிடமும் கொடுங்கள். ஒருவர் மறந்தாலும் படம் அந்த ஷாட்டில் அறுந்துவிடும்.

– அரசனின் அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும். மந்திரவாதியின் அசைவில் ஓவியத்துக்கு ஓவியம் சம இடைவெளி. தொடங்கும்போதும் வேகம், நிற்கும்போது பட்டென்று நிற்பான்.

– அரசன் திரும்பும்போது கண் 2 அல்லது 3 ஃப்ரேம் முன்னே போகும், தலை பின்தொடரும், நடுவில் ஒரு கண் சிமிட்டல். மந்திரவாதிக்குத் தலை முதலில் திரும்பும், கண் பழைய இடத்திலேயே நிற்கும், 6 ஃப்ரேம் கழித்து வழுக்கி வந்து சேரும். சிமிட்டலே கிடையாது.

– அரசனின் நடை இரண்டு காலடிக்கு 24 ஃப்ரேம். மந்திரவாதிக்கு 32, குதிகால் தேயும்.

– அரசன் சும்மா நிற்கும்போதும் மூச்சு உண்டு: 4 ஓவியம், 48 ஃப்ரேம் சுழற்சி. மந்திரவாதிக்கு ஒரே ஓவியம், அசையவே மாட்டான்.

கடைசி வரியில் உங்களுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. மந்திரவாதி வரும் ஷாட்களில் வரைய வேண்டிய ஓவியங்கள் கணிசமாகக் குறையும், அந்தச் சிக்கனமே பயத்தையும் கொடுக்கும். ஆனால் ஒரே ஓவியம் இரண்டு விநாடிக்கு மேல் அசையாமல் நின்றால் வீடியோ உறைந்துவிட்டதோ என்று பார்ப்பவர் நினைப்பார். அதனால் பின்னணியில் எப்போதும் ஏதாவது உயிரோடு இருக்க வேண்டும். விளக்குச் சுடர் 4 ஓவியத்தில், ஓவியத்துக்கு 3 ஃப்ரேம் வீதம் சுழன்றால் போதும். சுடர் ஆட, அரசன் மட்டும் ஆடாமல் நிற்பது தனியாகவே கண்ணை உறுத்தும்.

உடல் புகும் ஷாட், 96 ஃப்ரேம்

படத்தின் உயிர் இந்த 4 விநாடிதான். மற்ற இடங்களில் ஓவியத்துக்கு 2 ஃப்ரேம் வைத்தாலும் இதில் தேவையான இடத்தில் 1 ஃப்ரேமுக்கு இறங்குங்கள்.

1–16: கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூச்சை உள்ளே இழுக்கிறான். பதக்கம் ஏறுகிறது. ஏறியது இறங்கவில்லை.

17–24: கோப்பை பிடித்த வலது கை விரல்கள் திறக்கின்றன.

25–34: கோப்பை விழுகிறது. தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்து விழும் பொருளுக்கு ஏறக்குறைய 0.43 விநாடி ஆகும், அதாவது 10 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் இடைவெளி 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போக வேண்டும். சம இடைவெளியில் இறக்கினால் கோப்பை தண்ணீருக்குள் மூழ்குவது மாதிரி இருக்கும்.

35–58: கோப்பை தரையில் பட்டுச் சுழல்கிறது. அரசன் குனிந்து பார்க்கவில்லை. அசைவே இல்லை. இந்த 24 ஃப்ரேமைச் சுருக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சுருக்கினால் ஷாட் செத்துவிடும். ஒருவன் கோப்பையைத் தவறவிட்டும் திரும்பிப் பார்க்காமல் நிற்பதுதான் முதல் அதிர்ச்சி.

59–66: தலை சம வேகத்தில் நிமிர்கிறது, பட்டென்று நிற்கிறது.

67–90: இடது கையை முகத்துக்கு நேரே பிடித்து, புதிதாக வாங்கிய கருவியைச் சோதிப்பதுபோல் விரல்களை மடக்கிப் பார்க்கிறான். கட்டை விரலில் தொடங்கி விரலுக்கு 6 ஃப்ரேம், நான்கு விரல்.

91–96: சுண்டுவிரல் மடங்கவில்லை. அதைப் பார்க்கிறான். கட்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, சுண்டுவிரலையும் மற்ற விரல்களின் கூடவே இடை ஓவியங்களில் லேசாக மடக்கிவிடுவது. கைப்பழக்கத்தில் வந்துவிடும். சுண்டுவிரலுக்குத் தனி லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓவிய அடுக்கு) போடுங்கள். இதற்குப் பின் படம் முழுவதும் அந்த லேயருக்கு மட்டும் அரசனின் விதி: மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும்.

ஐந்தாறு வயதுக் குழந்தைகள் பார்க்கும் படம் என்றால் இந்த விரல் இன்னொரு வேலையும் செய்கிறது. அப்பா அப்பாவாக இல்லாமல் போவது அந்த வயதில் நிஜமாகவே அச்சுறுத்தும் விஷயம். அரசன் உள்ளே உயிரோடு இருக்கிறான் என்ற சேதி புகுதல் முடியும் முன்பே அவர்களுக்குக் கிடைத்துவிட வேண்டும்.

நிறமும் நிழலும்

தோல், ஆடை ஆகியவற்றின் அடிப்படை நிறத்தைத் தொடாதீர்கள். நிழல் நிறத்தை மட்டும் மாற்றுங்கள்: அரசனுக்குச் செம்பழுப்பு நிழல், மந்திரவாதிக்கு நீலச்சாம்பல். ஓபன்டூன்ஸ் என்ற 2டி அனிமேஷன் மென்பொருளில் நிறங்கள் பேலட்டோடு (நிறத் தொகுப்பு) கட்டப்பட்டிருப்பதால் அதில் ஒரு ஸ்டைலை (ஒரு நிறத்தை) மாற்றினால் அந்த லெவலில் (ஓவிய வரிசை) உள்ள எல்லா ஓவியங்களிலும் மாறிவிடும். 2016-இல் இலவசத் திறமூல மென்பொருளாக வெளிவந்த இதில், இந்த வகைப் படத்துக்கு மிகவும் உதவும் வசதி இதுதான். பேலட்டை முதலிலேயே இரண்டு பெயர்களில் சேமித்துவிடுங்கள். ஒரே பேலட்டை இரண்டு காட்சிகளும் பகிர்ந்தால், மந்திரவாதிக்காகச் செய்த மாற்றம் முதல் காட்சி அரசனையும் நீலமாக்கிவிடும்.

தரையில் விழும் நிழலை வைத்து மலிவான ஒரு வேலை செய்யலாம். அரசனின் லேயரைப் படியெடுத்து, முழுக்கக் கறுப்பாக்கி, சாய்த்து, ஒளிபுகாமையை 35 சதவீதத்துக்குக் குறைத்து, காலவரிசையில் 4 ஃப்ரேம் பின்னே தள்ளுங்கள். புகுந்த பிறகு நிழல் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும். பிளெண்டர் மென்பொருளின் 2டி வரைகருவியான கிரீஸ் பென்சிலில் நேரத்தைத் தள்ள ஒரு மாடிஃபையரே (தானாக மாற்றித் தரும் வசதி) இருக்கிறது. நிற்கும் ஷாட்களுக்கு 4 ஃப்ரேம் சரி. நடக்கும் ஷாட்டில் நிழல் பாதத்தை விட்டுப் பிரிந்து மிதக்கும். அங்கே 2 ஃப்ரேமுக்குக் குறையுங்கள், அல்லது நிழலைக் காட்டாத கோணம் வையுங்கள்.

நடக்கும் ஷாட்டில் இன்னொரு தொல்லை: பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர, பாத்திரம் 2 ஃப்ரேமுக்கு ஒரு ஓவியமாக நடந்தால் பாதம் தரையில் நடுங்கும். நடையை 1 ஃப்ரேம் வீதம் வரைய வேண்டும், இல்லையேல் பின்னணியையும் 2 ஃப்ரேமுக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும்.

குரல்

இரண்டுக்கும் ஒரே நடிகர். உடல் ஒன்றுதானே, தொண்டையும் ஒன்றுதான். மந்திரவாதியின் வசனத்தை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, வாக்கியங்களுக்கு நடுவே கேட்கும் மூச்சிழுப்பு ஒலிகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் முழு மௌனம் வைத்தால் ‘டப்’பென்று கேட்கும், அறையின் வெறும் ஓசையைப் பதிந்து வைத்திருந்து அதை இட்டு நிரப்புங்கள். அரசனின் வசனத்தில் மூச்சொலியைக் குறைக்காமல் அப்படியே விடுங்கள். சுருதியை இரண்டு செமிடோனுக்கு (அரைச் சுரம்) மேல் இறக்கினால் மெய்யெழுத்துகள் குழையும், வசனமே புரியாது.

வசனத்திலும் அடையாளம் வேண்டும். அரசன் மகளைக் ‘கண்ணு, இங்க வா’ என்பான். மந்திரவாதிக்கு அவள் பெயரும் தெரியாது, செல்லமும் தெரியாது. ‘இளவரசி, அருகில் வருக’ என்பான், அதுவும் குனியாமல். அவன் முழுக்க முழுக்கச் செந்தமிழில் பேச வேண்டியதில்லை. நான்கு வாக்கியத்துக்கு ஒருமுறை நழுவினால் போதும்.

வாயசைவுக்குத் தமிழில் எட்டு வடிவம் பிடிக்கும்: மூடிய வாய் (ம, ப), அகலத் திறந்தது (அ, ஆ), நீட்டியது (இ, ஈ, எ, ஏ), குவிந்தது (உ, ஊ, ஒ, ஓ), மேல்பல் கீழுதட்டைத் தொடுவது (வ), நாக்கு தெரிவது (த, ந, ல, ள, ழ), சிறிது திறந்தது (க, ச, ட, ர), ஓய்வு. ம, ப வரும்போது வாய் குறைந்தது 2 ஃப்ரேம் மூடியிருக்க வேண்டும், ஒலிக்கு 1 ஃப்ரேம் முன்பே மூட வேண்டும். ‘அப்பா’, ‘அம்மா’ போல் ஒற்று இரட்டித்து வந்தால் 3 அல்லது 4 ஃப்ரேம். இந்த ஒரு கணக்கைத் தவறவிட்டால் வேற்றுமொழிப் படத்துக்குத் தமிழ் டப்பிங் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவியில் எந்த மொழிக்கும் பொருந்தும் ஒலியன் முறை உண்டு. அதை முதல் வரைவுக்கு வைத்துக்கொண்டு, ஒற்றுகளைக் கையால் திருத்துங்கள்.

மீட்பு

தாளம் 12, 12, 6, 6, 12 ஃப்ரேம் இடைவெளிகளில், மொத்தம் 48 ஃப்ரேம், சரியாக 2 விநாடி. மகள் அரியணைக் கைப்பிடியில் அதைத் தட்டுகிறாள். முதல் முறை பதில் இல்லை. இரண்டாம் முறை கடைசித் தட்டை மட்டும் சுண்டுவிரல் தட்டுகிறது. மூன்றாம் முறை முழுத் தாளமும் விரலில். ஒலியை விரல் மரத்தில் படும் ஃப்ரேமிலேயே வையுங்கள். ஒரு ஃப்ரேம் பிந்தினால் பரவாயில்லை, முந்தினால் உறுத்தும்.

புகும் ஷாட்டைத் தலைகீழாக ஓட்டி மீட்பாக வைப்பது வேலையை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். செய்யாதீர்கள், அசைவின் எடை பொய்யாகிவிடும். மீட்பு மூச்சில் தொடங்க வேண்டும். அன்று ஏறி நின்ற பதக்கம் இப்போது 16 ஃப்ரேமில் இறங்குகிறது, படத்தில் வெகுநேரம் கழித்து மூச்சொலி கேட்கிறது. பிறகு ஒரு கண் சிமிட்டல்: 2 ஃப்ரேம் பாதி, 2 ஃப்ரேம் மூடி, 4 ஃப்ரேமில் திறந்து. தோள் இறங்குகிறது. நிழல் காலோடு வந்து சேர்கிறது. கடைசியில் முழங்கால் மடங்கி மகளின் உயரத்துக்குக் குனிகிறான். வசனம் தேவையே இல்லை. வேண்டுமென்றால் ‘கண்ணு’ மட்டும்.

வேலைக் கணக்கும் வெளியீடும்

90 விநாடியில் ஏறத்தாழ 40 விநாடி முழு அசைவு, 30 விநாடி வாய் மட்டும் மாறும் வசனம், 20 விநாடி நிலைத்த ஓவியமும் பின்னணி நகர்வும் என்று திட்டமிடுங்கள். 40 விநாடிக்கு, ஓவியத்துக்கு 2 ஃப்ரேம் வீதம், 480 ஓவியம். சுத்தக் கோடும் நிறமும் சேர்த்து நாளுக்கு 15 என்றால் ஒருவருக்கு 32 வேலை நாள். விழும் கோப்பைக்கும் நடை ஷாட்களுக்கும் இதற்கு மேல் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

1920×1080 அளவுக்குச் சுற்றிலும் 10 சதவீதம் கூடுதலாக வரையுங்கள். கேமரா நகர்த்த இடம் கிடைக்கும். இறுதி வெளியீட்டை நேரடியாக வீடியோவாக எடுக்காமல் ஷாட்டுக்கு ஒரு ஃபோல்டரில், ஃப்ரேமுக்கு ஒரு படமாக, பிஎன்ஜி வரிசையாக எடுங்கள். நடுவில் கணினி நின்றாலும் விட்ட ஃப்ரேமிலிருந்து தொடரலாம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். எல்லாம் சேர்ந்ததும் கைபேசியில், பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பாருங்கள். நீலச்சாம்பல் நிழலும் இருண்ட அரண்மனையும் கலந்து, பதக்கமே தெரியாமல் போவது அங்கேதான் வெளிப்படும். பின்னணியை 10 முதல் 15 சதவீதம் வெளுக்கச் செய்து, பதக்கத்தின் விளிம்பில் ஒரு வெளிறிய கோடு போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.